விளம்பரத்தில் 146, சாலையில் 105

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து, செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமாகவே வந்தால் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் தண்டலம். அதிகாலையிலேயே அங்கே நாள் தொடங்கிவிடும். முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் கழுத்தில் அடையாள அட்டையுடன் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பார்கள். பஸ் நுழையாத தெருக்காரர்கள் டூவீலரை எடுத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்கும் வல்லம் வடகாலுக்கும் ஓரகடத்துக்கும் கிளம்புவார்கள். வெயில் ஏறியதும் பொறியியல் கல்லூரிப் பேருந்துகள் சாலையைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தச் சாலையில் ஒருவர் புதிதாக மின் ஸ்கூட்டர் வாங்கினால் உடன் வேலை செய்பவர்கள் வண்டியின் நிறத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே கேட்பது ஒன்றுதான்: “கம்பெனி சொல்றத விடுங்கண்ணே, ரோட்டுல எவ்ளோ குடுக்குது?”

பெட்ரோல் வண்டிக் காலத்திலிருந்து வரும் கேள்வி இது. அதைக் கேட்பவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ, நவீனப் பொறியியலின் ஒரு பெரிய பிரிவே அதற்குள் அடங்கியிருக்கிறது. தொழில்நுட்பச் செய்திகள் தினமும் எண்களைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஒரே சார்ஜில் இத்தனை கிலோமீட்டர், இத்தனை மில்லியாம்பியர், ஐந்து நட்சத்திரம், இத்தனை பில்லியன் டாலர் ஏற்றுமதி என்று எதை எடுத்தாலும் தலைப்பில் ஓர் எண். பொறியாளர் ஒருவர் அந்தச் செய்தியைப் படித்தால் எண்ணைப் பார்த்ததும் நம்பவும் மாட்டார், பொய் என்று தள்ளவும் மாட்டார். அந்த எண் எந்தத் தேர்வில் வாங்கிய மதிப்பெண் என்று தேடுவார். செய்தியில் பெரும்பாலும் அந்த ஒரு வரிதான் விடுபட்டிருக்கும்.

தேர்வுக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஓரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம், ‘ஜிஏஆர்சி’, மத்திய அரசின் ‘நாட்ரிப்’ என்ற வாகனச் சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தில் உருவானது. வாகனங்கள் விற்பனைக்கு வரும் முன் சோதித்துச் சான்றளிக்கும் நாட்டின் மையங்களில் இதுவும் ஒன்று. மோதல் பாதுகாப்பு, மின்காந்த இடையூறு என்று பல வகைச் சோதனைக்கூடங்கள் அங்கே உண்டு. புனேயில் உள்ள ‘அராய்’ வாகனச் சோதனை நிறுவனத்தின் பெயர் விளம்பரங்களில் அடிக்கடி வருவதால் மக்களுக்குத் தெரியும். ஓரகடத்து மையத்தின் மதில் ஓரமாகத் தினமும் போகிறவர்களில் பலருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

ஒரு வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று பார்க்க அதைச் சாலையில் ஓட்டுவதில்லை. சோதனைக்கூடத் தரையில் பெரிய உருளை ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். வண்டியின் சக்கரம் அதன் மேல் சுழலும், வண்டி இருந்த இடத்திலேயே நிற்கும். எதிரே திரையில் ஒரு கோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். எந்த நொடியில் எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதை அந்தக் கோடு சொல்லும், ஓட்டுநர் பிசகாமல் அதைப் பின்தொடர வேண்டும். சாலையில் காற்றும் டயரும் தரும் தடையை அந்த உருளைதான் வண்டிக்குக் கொடுக்கிறது. எவ்வளவு தடை கொடுப்பது என்பதைக் கார்களுக்கு அறிய ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். காரைச் சமதளப் பாதையில் வேகமாகக் கொண்டுபோய் நியூட்ரலில் விட்டுவிடுவது. அது எவ்வளவு சீக்கிரம் வேகம் குறைகிறது என்று அளந்தால் அந்தக் காரைச் சாலை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

திரையில் ஓடும் அந்தக் கோட்டுக்கு ‘டிரைவிங் சைக்கிள்’ என்று பெயர். மின் ஸ்கூட்டர் விளம்பரத்தில் தூரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ஐடிசி’ என்று இருந்தால், அது இந்திய ஓட்டுச் சுழற்சி. ஒரு சுற்று 108 நொடி. அதன் உச்ச வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர், சராசரி வேகம் 22 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இதே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டி, பேட்டரி தீரும்வரை போன தூரத்தைக் கணக்கிடுகிறார்கள்.

42 கிலோமீட்டர் வேகம். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு தண்டலம் நெடுஞ்சாலையைப் பார்க்க வேண்டும். பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது அங்கே 42-இல் போகிறவர் யார்? பெரும்பாலோர் 60-இல் போகிறார்கள். 18 கிலோமீட்டர்தானே கூடுகிறது என்று தோன்றும். காற்று அப்படிப் பார்ப்பதில்லை.

காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் ஒன்றரை மடங்கானால் தடை இரண்டேகால் மடங்காகும். ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஸ்கூட்டர் 110 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ. டயர் உருளும்போது எழும் தடை 27 நியூட்டன் அளவில் இருக்கும், அது வேகத்தோடு பெரிதாக மாறாது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவர் மீது 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தரும் தடை சுமார் 43 நியூட்டன், 60-இல் சுமார் 96 நியூட்டன். இரண்டையும் கூட்டினால் 40-இல் 70 நியூட்டன், 60-இல் 123 நியூட்டன். மோட்டாரிலும் மின்னணுவிலும் வீணாவதைச் சேர்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு முறையே 23 வாட் மணியும் 40 வாட் மணியும் செலவாகும். பேட்டரி 3 கிலோவாட் மணி என்றால், சீராக 40-இல் போகிறவர் 130 கிலோமீட்டர் போவார். அதே வண்டியில் அதே ஆள் 60-இல் போனால் 75 கிலோமீட்டரில் நின்றுவிடுவார். பேட்டரியில் கோளாறு ஒன்றும் இல்லை. ஐம்பத்தைந்து கிலோமீட்டரைக் காற்று வாங்கிக்கொண்டது.

நின்று நின்று போவதற்கும் விலை உண்டு. 185 கிலோ எடையை 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 3 வாட் மணிக்கு மேல் வேண்டும். சிக்னலில் பிரேக் போட்டால் அது வெப்பமாகப் போய்விடும். மின் வண்டிகள் பிரேக் போடும்போது அதில் ஒரு பங்கைத் திரும்பப் பேட்டரிக்கு அனுப்புகின்றன, முழுவதையும் அனுப்ப முடியாது. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் இந்தச் செலவு அதற்குத் தக்கபடி கூடும். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சந்திப்புகளில் சிக்கி ஊர்ந்து போகிறவர் அனுபவிப்பது இந்தச் செலவை. காற்று அப்போது அவரைத் தொந்தரவு செய்வதே இல்லை.

கார்களில் இதே கதை வேறு வழியில் வருகிறது. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரியில் அறிமுகமானது. அதன் 51.4 கிலோவாட் மணி பேட்டரிக்கு அப்போது சான்றளிக்கப்பட்ட தூரம் 473 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 109 வாட் மணி வருகிறது. கார்களுக்கான இந்தியச் சுழற்சியில் உச்ச வேகம் 90 கிலோமீட்டர், ஏசி அணைக்கப்பட்டிருக்கும். சித்திரை வெயிலில் ஏசி போடாமல் சென்னையில் கார் ஓட்டுபவர் இல்லை. ஏசி ஒரு கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு, கார் நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டரில் நகர்ந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏசிக்கு மட்டும் 50 வாட் மணி போகும். சோதனைக்கூடச் செலவில் ஏறக்குறைய பாதி இது. அதே ஏசி 80 கிலோமீட்டர் வேகத்தில் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வாட் மணிதான் எடுக்கும். நெடுஞ்சாலையில் ஏசி பெரிய செலவு இல்லை, காற்றுத்தான் செலவு. ஊருக்குள் காற்று செலவில்லை, ஏசிதான் செலவு.

அப்படியானால் சான்றிதழில் உள்ள எண் பொய்யா? பொய் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து கணக்கிடும் கட்-ஆஃப் மாதிரி அது. இரண்டு மாணவர்களை ஒரே தாளில் ஒரே நேரத்தில் எழுதவைத்தால்தான் ஒப்பிட முடியும். அவரவர் ஊரில், அவரவருக்கு வசதியான சாலையில், வசதியான வானிலையில் ஓட்டிக் காட்டச் சொன்னால் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த எண்ணைக் கொண்டுவரும். எந்த இரண்டு வண்டியில் எது சிக்கனம் என்று தெரிந்துகொள்ள ஐடிசி எண் நல்ல அளவுகோல். திண்டிவனம் வரை போய்ச் சேருமா என்று தெரிந்துகொள்ள அதைக் கேட்பதுதான் தவறு. அந்த வேறுபாட்டை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டிய கடமை விற்பவருக்கும் செய்தி எழுதுபவருக்கும் இருக்கிறது.

சொன்னவர்களும் உண்டு. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கிய ஏதர் நிறுவனத்தின் தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது. 2022 ஜூலையில் அந்த நிறுவனம் வெளியிட்ட 450எக்ஸ் ஸ்கூட்டருக்கு இரண்டு எண்கள் கொடுக்கப்பட்டன. சான்றளிக்கப்பட்ட தூரம் 146 கிலோமீட்டர். சாலையில் கிடைக்கும் என்று நிறுவனமே சொன்ன தூரம் 105 கிலோமீட்டர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு தேர்வுக்கும் ஒரு வாழ்க்கைக்கும் உள்ள தூரம் 41 கிலோமீட்டர் என்று யாருக்கும் புரிந்துவிடும். பின்னர் டாடா நிறுவனமும் தன் மின் கார்களுக்கு, நூற்றுக்கு 75 வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கும் தூரம் என்று தனியாக ஓர் எண்ணைச் சொல்லத் தொடங்கியது. பெரிய எண்ணைத் தலைப்பில் போட்டுச் சின்ன எண்ணை விட்டுவிடும் செய்திகள் இவர்கள் காட்டிய நேர்மையை வீணாக்குகின்றன.

தேர்வுக்கும் சாலைக்கும் இடையிலான இந்த இடைவெளியில் பெரிய மோசடி ஒன்றும் நடந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்த குழுவில் சென்னையில் பொறியியல் படித்த ஒருவரும் இருந்தார் என்பது தண்டலத்து மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு ஆய்வுக்குழு. டேன் கார்டர் தலைமையில் அரவிந்த் திருவேங்கடம் (சென்னையில் படித்தவர் இவர்தான்), மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோர் அதில் இருந்தார்கள். ஐரோப்பாவின் டீசல் கார்களை அமெரிக்காவின் கடுமையான விதிகளின்கீழ் எவ்வளவு சுத்தமாக ஓடவைக்கிறார்கள் என்று காட்டுவதற்காகவே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட ஆய்வு 2013-இல் நடந்தது. சோதனைக்கூட உருளையில் கார்கள் தேறின. குழு அதோடு நிற்கவில்லை. புகையை அளக்கும் கருவியைக் காரின் பின்பெட்டியில் ஏற்றி, புகைக்குழாயில் இணைத்து, கலிஃபோர்னியாவின் சாலைகளில் ஓட்டியது. ஒரு காரை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை கொண்டுபோய்த் திரும்பினார்கள், ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா வெளிவிட்ட நைட்ரஜன் ஆக்ஸைடுகள் அனுமதித்த அளவைப் போல் 15 முதல் 35 மடங்கு வரை இருந்தன. பஸாட் காரில் 5 முதல் 20 மடங்கு.

காரணம் காரின் மென்பொருளில் இருந்தது. ஸ்டீயரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி மாறுகிறது, எஞ்சின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்பதையெல்லாம் பார்த்து, ‘இப்போது சோதனை நடக்கிறது’ என்று அது அறிந்துகொண்டது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையைச் சுத்தம் செய்தது. உருளை மேல் நிற்கும் காரின் சக்கரம் சுழலும், ஸ்டீயரிங் திரும்பாது. அந்த ஒரு வித்தியாசமே போதுமான துப்பு. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றம் சாட்டியது. உலகம் முழுவதும் 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அதன் விளைவு நம் சாலைக்கும் வந்து சேர்ந்தது. புகையைச் சாலையில் ஓட்டியே அளக்க வேண்டும் என்று ஐரோப்பா 2017 முதல் விதி செய்தது. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை விதிகளின் இரண்டாம் கட்டமாக அது வந்தது. அந்த விதியைச் சமாளிக்கும் செலவு கட்டுப்படியாகாமல் சில சிறு டீசல் எஞ்சின்கள் சந்தையிலிருந்தே விடைபெற்றன. அந்த நாட்களில் வந்த செய்திகள் ‘கார் விலை உயர்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயின. ஏன் உயர்கிறது, பின்பெட்டியில் கருவி வைத்து ஓட்டிய சில ஆய்வாளர்களுக்கும் அந்த விலைக்கும் என்ன தொடர்பு என்பதைச் சொல்லியிருந்தால் எத்தனை மாணவர்களுக்கு அது உற்சாகம் தந்திருக்கும்!

கார்களின் மோதல் பாதுகாப்புக்குத் தரும் நட்சத்திரங்களுக்கு வருவோம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்கும் ஐந்து சிறு கார்களின் அடிப்படை மாடல்களை மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பெரியவர்களின் பாதுகாப்பில் நட்சத்திரமே கிடைக்கவில்லை. அந்த ஐந்தில் ஹூண்டாய் ஐ10 இருங்காட்டுக்கோட்டையிலும், ஃபோர்டு ஃபிகோ மறைமலை நகரிலும் தயாரானவை. அதே ஆண்டு நவம்பரில் ஓரகடத்து ஆலையில் தயாரான டட்சன் கோ காரும் பூஜ்யம் வாங்கியது. அதன் உடற்கட்டே நிலையற்றது, காற்றுப்பை வைத்தாலும் பயனில்லை என்று அமைப்பு சொன்னது. அதன் தலைவர் மேக்ஸ் மோஸ்லி காரைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும்படி நிஸான் தலைவர் கார்லோஸ் கோனுக்குக் கடிதமே எழுதினார்.

தொழிலாளர்களின் கைத்திறனில் அங்கே குறை இருந்ததா? இல்லை. அதே வட்டாரத்து ஆலைகளிலிருந்து ஐரோப்பாவுக்கும் கார்கள் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன. கொடுத்த வரைபடத்தின்படி கச்சிதமாகச் செய்தார்கள். வரைபடத்தில்தான் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் அன்றைய இந்திய விதி அப்படி மோதிப் பார்க்கும்படி கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு யாரும் செலவழித்துப் பதில் எழுதுவதில்லை. 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களை மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்ப்பது கட்டாயமானது. 2023 அக்டோபர் 1 முதல் ‘பாரத் என்கேப்’ நட்சத்திர முறை வந்தது. அதில் முன்பக்க மோதல் 64 கிலோமீட்டர் வேகத்தில். எட்டு கிலோமீட்டர்தான் கூடுதல், மோதலின் ஆற்றலோ முப்பது சதவீதம் கூடுதல்.

இன்று ஐந்து நட்சத்திரக் கார்கள் பல இருக்கின்றன. மகிழ வேண்டிய மாற்றம் இது. ஆனால் அந்த நட்சத்திரமும் 64 கிலோமீட்டருக்கான மதிப்பெண். மணிக்கு 100 கிலோமீட்டரில் மோதலின் ஆற்றல் அதைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. முன்பக்க மோதலில் வாங்கிய மதிப்பெண் தன்னைப் போன்ற எடையுள்ள வண்டிகளோடு ஒப்பிடத்தான் பொருந்தும். ஐந்து நட்சத்திரச் சிறு காரும் ஐந்து நட்சத்திரப் பெரிய காரும் நேருக்கு நேர் மோதினால் இரண்டுக்கும் ஒரே கதி நேராது. சீட் பெல்ட் போட்ட பொம்மைகளை வைத்துத்தான் அந்தச் சோதனை நடக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெல்ட் போடாதவருக்கு அந்த மதிப்பெண்ணில் பங்கு கிடையாது.

கேள்வித்தாளில் இல்லாத கேள்வி உயிர் பறித்த நிகழ்ச்சி ஒன்று வேலூரில் நடந்தது. 2022 மார்ச்சில் இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த வாரங்களில் நாட்டின் வேறு இடங்களிலும் மின் வண்டிகள் எரிந்தன. மின் வண்டிகளே ஆபத்து என்று ஒரு பக்கம் செய்தி, பெட்ரோல் வண்டியும்தான் எரிகிறது என்று இன்னொரு பக்கம் பதில். நடுவில் முக்கியமான கேள்வி தொலைந்தது: பேட்டரியில் ஒரு செல் கெட்டுச் சூடானால் பக்கத்துச் செல்லுக்குத் தீ பரவாமல் தடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா?

லித்தியம் அயனி செல் ஒன்றில் உள்ளே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால் அது தன் சூட்டிலேயே மேலும் சூடேறும். ஒரு கட்டத்துக்குமேல் வெளியிலிருந்து எதுவும் தூண்டத் தேவையில்லை, அது தானாகவே தொடரும். ஸ்கூட்டர் பேட்டரியில் இப்படிப் பல செல்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று பற்றினால் அடுத்ததும், அதற்கடுத்ததும் பற்றும். செல்களுக்கு நடுவே இடைவெளி, வெப்பம் கடத்தாத தடுப்பு, வாயு வெளியேற வழி, வெப்பநிலையைக் கவனித்து எச்சரிக்கும் மின்னணு எல்லாம் இருந்தால் சங்கிலி அறும். மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. மின் இருசக்கர வாகனங்களின் பேட்டரிக்கான ஏஐஎஸ்-156 தரவிதி திருத்தப்பட்டு, 2022 டிசம்பர் 1-இல் ஒரு கட்டமும் 2023 மார்ச் 31-இல் மறு கட்டமுமாக நடைமுறைக்கு வந்தது. செல்லிலிருந்து செல்லுக்குத் தீ பரவுகிறதா என்ற சோதனை அதில் இடம்பெற்றது. பழைய ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் வண்டியின் தயாரிப்புத் தேதியை இந்த இரண்டு தேதிகளோடு வைத்துப் பார்ப்பது நல்லது. வண்டி எதுவானாலும் இரவில் படுக்கும் அறையில் சார்ஜ் போட வேண்டாம்.

பவர் பேங்க் கணக்கு இதைவிடச் சின்னது. பெட்டியில் 10,000 மில்லியாம்பியர் மணி என்று இருக்கும். கையிலுள்ள போனின் பேட்டரி 5,000. இரண்டு முறை சார்ஜ் ஆக வேண்டுமே, ஏன் ஆவதில்லை? மில்லியாம்பியர் மணி மின்னூட்டத்தின் கணக்கு, ஆற்றலின் கணக்கு அதில் பாதிதான் இருக்கிறது. வோல்ட்டையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். பவர் பேங்கின் உள்ளே செல்லின் அழுத்தம் 3.7 வோல்ட், ஆகவே 37 வாட் மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்தி, கேபிள் வழியே அனுப்பி, போனுக்குள் மறுபடி இறக்கிச் சேமிப்பதற்குள் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். போனுக்கு ஒரு முறை நிரம்ப 19 வாட் மணிக்கு மேல் வேண்டும். ஒன்றரை முறை கிடைத்தால் அந்தப் பவர் பேங்க் ஒழுங்கானதுதான். விமானத்தில் கையோடு கொண்டுபோக அனுமதிக்கும் 100 வாட் மணி வரம்பு சுமார் 27,000 மில்லியாம்பியர் மணி. விமான நிலையத்தில் வாட் மணியில் கேட்கிறார்கள், கடையில் மில்லியாம்பியரில் விற்கிறார்கள்.

கடைசியாக, இந்தப் பகுதியைப் பற்றியே அடிக்கடி வரும் செய்தி. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2024–25-இல் 14.65 பில்லியன் டாலர். முந்தைய ஆண்டில் அது 9.56 பில்லியன். பெருமைக்குரிய உயர்வு. அந்த எண்ணை உருவாக்கிய கைகளில் பல ஊர்விட்டு வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்களின் கைகள் என்று சொன்னால் இங்குள்ள ஆலைகளைப் பார்த்த யாரும் வியப்படைய மாட்டார்கள். அவர்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

ஆனால் ஏற்றுமதி எண் கப்பலேறும் பொருளின் முழு விலையைச் சொல்கிறது. அதில் இங்கே சேர்ந்த மதிப்பு எவ்வளவு என்பது வேறு கேள்வி. சீனாவில் ஐபோன் கோர்க்கப்பட்ட தொடக்க காலத்தில் யூச்சிங் ஷிங், நீல் டெட்டர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-இல் அதைக் கணக்கிட்டார்கள். ஒரு போனுக்கான உற்பத்திச் செலவு 178.96 டாலர். அதில் சீனாவில் கோர்த்ததற்கான பங்கு 6.50 டாலர். மீதி ஜப்பான், கொரியா, ஜெர்மனி, அமெரிக்கா என்று உதிரிப்பாகங்கள் செய்த நாடுகளுக்குப் போனது. ஏற்றுமதிக் கணக்கிலோ முழுத் தொகையும் சீனாவின் பெயரில் ஏறியது. சீனா அங்கேயே நிற்கவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் உதிரிப்பாகங்களையும் கருவிகளையும் தானே செய்யக் கற்றது.

ஸ்ரீபெரும்புதூர் இந்தப் பாடத்தைத் தன் மண்ணிலேயே படித்திருக்கிறது. 2006-இல் நோக்கியா ஆலை இங்கே தொடங்கியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி அது மூடப்பட்டது. வரி வழக்கு ஒரு காரணம், நோக்கியா போன்களே சந்தையில் சரிந்தது இன்னொரு காரணம். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஒரே நிறுவனத்தை நம்பி வந்த சப்ளையர்களும் பின்னாலேயே போனார்கள். சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அந்த ஆலையைப் பின்னர் சால்காம்ப் நிறுவனம் வாங்கி, சார்ஜர் போன்ற பாகங்களைச் செய்யத் தொடங்கியது. முழுப் போனைக் கோர்ப்பதைவிடச் சார்ஜர் செய்வது கேட்பதற்குச் சிறிய செய்தி. ஆனால் பாகம் செய்யக் கற்ற ஊரை விட்டுக் கம்பெனிகள் அவ்வளவு சுலபமாகப் போக முடியாது. ஓசூரில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் போனின் உலோகக் கூடு செய்வதும் இந்த வகைதான். புதிய ஆலைத் திறப்பு விழாச் செய்தியில் முதலீட்டுத் தொகைக்குப் பக்கத்தில், எந்தெந்தப் பாகம் இங்கே தயாராகும் என்ற வரி இருக்கிறதா என்று தேட வேண்டும். பெரும்பாலும் இருக்காது. நிருபர்கள் அதைக் கேட்க வேண்டும்.

தமிழ் நாளிதழ்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எண்ணைப் போடுங்கள், தலைப்பிலேயே போடுங்கள். பக்கத்தில் எந்தச் சோதனை, எந்த வேகம் என்று இரண்டே சொல் சேருங்கள். ‘146 கி.மீ. (ஐடிசி, உச்ச வேகம் 42)’ என்று அச்சிட ஒரு வரிகூடக் கூடுதலாக ஆகாது. வாகனமும் போனும் செய்து பிழைக்கும் மாநிலத்தின் வாசகர்களுக்கு இது புரியாது என்று நினைக்க எந்த நியாயமும் இல்லை. தண்டலத்துத் தொழிலாளி இதைத்தான் வேறு சொற்களில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தண்டலத்துக் கல்லூரி மாணவர்கள் இதைத் தாங்களே அளந்து பார்க்கலாம். ஒரு மின் ஸ்கூட்டர், ஒரு நோட்டு, நான்கு வாரம் போதும். தினமும் போன தூரம், பேட்டரியில் குறைந்த சதவீதம், போன சாலை, சராசரி வேகம், பின்னால் ஆள் இருந்தாரா, மழையா வெயிலா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். முடிந்ததும் அதைக் கம்பெனி சொன்ன எண்ணோடு சேர்த்துக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்து அந்த வண்டியை வாங்கப் போகிறவர் ஷோரூமுக்குப் போகும்முன் அதைப் படித்துவிட்டுப் போகட்டும்.